வினவும் முறை

கல்வி என்பது விடைகளைத் திரட்டிக்கொள்வதே என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். பள்ளிப் பருவம் முதலாகத் தேர்வுத்தாளில் வினாவைப் பிறர் எழுத, விடையை மட்டும் நாம் எழுதிப் பழகிவிட்டமையே இதற்குக் காரணம் போலும். இங்ஙனம் பதினான்கு யாண்டு பயின்ற ஒருவரை நோக்கி, "உமக்கு விளங்காதது யாது? அதனை நீரே ஒரு வினாவாக எழுதுக" என்று கூறின், அவர் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திகைத்திருப்பர். விளங்காமை உண்டு, அதற்கு உருவம் கொடுக்கும் ஆற்றல் இல்லை.

இக்குறை எத்துறையிலும் தீங்கே. ஆயினும் ஒரு துறையில் அது பெரும் பொருளிழப்பாக முடிகின்றது. அது, பிளாக்செயின் என்று வழங்கும் கணக்கேட்டுச் சங்கிலிக்கு நிரல் எழுதும் துறையாகும். எம் விடுதியிற் கணிப்பொறியியல் பயிலும் அன்பர் சிலர் இத்துறையில் ஈடுபட்டு, உலகின் பல பாகங்களிலுமுள்ள நிரலாளர் குழுவினரிடம் தம் ஐயங்களைக் கேட்டு வருகின்றனர். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் விடை வருகின்றது. சிலருக்கு ஒரு திங்களாகியும் வருவதில்லை. ஊழ் என்பாரும் உளர். ஆங்கிலப் புலமை என்பாரும் உளர். அவர்தம் வினாக்களை வாங்கிப் படித்த அளவில், இவ்விரண்டும் அல்ல, வினவும் முறையே பெரும்பாலும் காரணம் என்று யாம் துணிகின்றோம்.

இலக்கணம் பயிலும் மாணவர்க்கு நிரலைப் பற்றிப் பேச உரிமை யாது எனின், யாம் பேசப் புகுந்தது வினாவைப் பற்றி என்க. வினா இலக்கணத்திற்கு உரிய பொருள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், விடையை மட்டுமன்றி வினாவையும் வழுவாமற் காக்க வேண்டுமென்று விதித்திருக்கின்றார். விடையிற் பிழை நேரும் என்பதை எல்லாரும் அறிவர். வினாவிலும் பிழை நேரும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இப்பொருள் பற்றி நம்மிடையே மூன்று கொள்கைகள் வழங்குகின்றன. அறியாதவன் எதனையும் எவ்வாறும் கேட்கலாம், கேள்வியிற் குற்றம் காணலாகாது என்பது ஒன்று. தானே தேடிக் கற்பதே மாணவன் கடமை, பிறரைக் கேட்டு அவர் காலத்தை வீணாக்கலாகாது என்பது மற்றொன்று. இக்காலத்து இயந்திரங்களே விடை கூறுகின்றன, மனிதரை ஏன் கேட்கவேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொருந்தா என்பதே எம் கருத்து. அதனை நிறுவுதற்கு முன், இத்துறையின் இயல்பைச் சிறிது காண்போம்.

வங்கிக் கணக்கில் பிழை நேர்ந்தால் மேலாளரிடம் முறையிடலாம். அவர் கேளாராயின் நீதிமன்றம் செல்லலாம். பிளாக்செயினில் அத்தகைய தலைவர் ஒருவரும் இலர். பல்லாயிரம் கணிப்பொறிகள் ஒரே கணக்கேட்டின் படியைத் தத்தம்மிடம் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பிட்காயின் கணக்கேட்டின் முதற்றொகுதி 2009 ஜனவரி 3ஆம் நாள் எழுதப்பெற்றது. பணத்தை மட்டுமன்றி நிரல்களையும் சங்கிலியில் ஏற்றி இயக்கும் எதீரியம் 2015 ஜூலை 30ஆம் நாள் தொடங்கிற்று. அவ்வாறு ஏற்றப்படும் நிரலை ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்பர். தானே இயங்கும் ஒப்பந்தம் என்று நாம் கொள்ளலாம். மாற்றுதற்குரிய வழியை முன்னரே அமைத்து வைத்தாலன்றி, ஏற்றிய பின் அந்நிரலை எழுதியவரும் மாற்றவியலாது. நூலில் அச்சுப்பிழை நேர்ந்தால் பிழைதிருத்தம் சேர்க்கலாம்; இங்கோ பிழையே சட்டமாகிவிடுகின்றது. ஆகலின் ஏற்றுதற்கு முன் கேட்கப்படும் வினா ஒன்றே நிரலாளர்க்குக் காவல்.

இக்காவல் தவறியதற்கு ஒரு சான்று காண்க. 2016இல் 'தி டாவ்' என்னும் பொதுநிதி ஒன்று எதீரியத்தில் அமைக்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஈதர் நாணயங்கள் அதிற் சேர்ந்தன. பணத்தை வெளியே அனுப்பிய பின்னரே இருப்பைக் குறைக்கும் நிரலில், அனுப்பும்போதே மீண்டும் உள்நுழைந்து மீண்டும் பெறலாம் என்னும் பொதுவான ஐயத்தை அறிஞர் சிலர் அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எழுப்பினர். நிதிக்கு ஆபத்தில்லை என்று அதனை அமைத்தோர் பக்கத்திலிருந்து ஜூன் 12ஆம் நாள் விடை வந்தது. ஜூன் 17ஆம் நாள், ஏறக்குறைய 36 லட்சம் ஈதர் அவ்வகைப் பிழையின் வழியாகவே கவரப்பட்டது. ஜூலை 20ஆம் நாள் எதீரியச் சமூகத்தார் கணக்கேட்டையே மாற்றியமைத்து அப்பணத்தை மீட்டனர். அதற்கு உடன்படாதார் பழைய சங்கிலியையே தொடர்ந்தமையின், எதீரியம் இரண்டாகப் பிரிந்தது. வினா எழுந்தது, விடையும் விரைந்து வந்தது, ஆராய்ந்து வரவில்லை. அதன் விலை ஒரு சமூகத்தின் பிளவு.

இனி, நன்கு கேட்கப்பட்ட வினாவின் இயல்பைக் காண்போம். பிட்காயினின் முதற்கட்டுரையைச் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரினர் 2008 அக்டோபர் 31ஆம் நாள் மறையெழுத்துக்கலை வல்லார் குழுவினரிடை வெளியிட்டார். இரண்டு நாட்களுக்குள் ஜேம்ஸ் டொனால்டு என்பவர் எதிர்வினா எழுப்பினார். இத்தகைய அமைப்பு மிகவும் வேண்டுவதே என்று முதலில் ஒப்புக்கொண்டார். தாம் அதனை விளங்கிக்கொண்டவாறு கூறினார். அவ்வாறாயின் உலகமெல்லாம் பயன்படுத்தும் அளவிற்கு அது விரியுமோ என்று ஐயுற்றார். இம்மூன்றும் சில வரிகளுள் அடங்கிவிட்டன. சதோஷி கணக்குகள் காட்டி விடையிறுத்தார். ஆயினும் அவ்வினா இறந்துபடவில்லை. தொகுதியின் அளவைப் பெருக்குவதா வேண்டாவா என்று அச்சமூகம் பல யாண்டு வழக்கிட்டு, 2017 ஆகஸ்டு 1ஆம் நாள் பிட்காயின் கேஷ் என்னும் கிளை பிரிந்தது அவ்வினாவின் தொடர்ச்சியே. பிறந்து மூன்றாம் நாளிலேயே ஒரு கண்டுபிடிப்பின் நீங்காத இடுக்கண் இன்னதென்று சுட்டிய அவ்வினா, எத்துணை விடைகளினும் பெரிது!

மற்றொன்று, 2010 ஆகஸ்டு 15ஆம் நாள் நிகழ்ந்தது. பிட்காயின் எத்துணைக் காலம் ஓடினும் மொத்தத்தில் 2 கோடியே 10 லட்சத்திற்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. அன்று 74,638ஆம் தொகுதியில் ஒரே கொடுக்கல் வாங்கலில் 18,400 கோடிக்கு மேற்பட்ட நாணயங்கள் தோன்றின. மிகப் பெரிய எண்களைக் கூட்டுமிடத்துக் கூட்டுத்தொகை தன் எல்லை கடந்து சுருங்கிப்போதலைச் சோதிக்காத பிழையே காரணம். இதனைக் கண்ட ஜெஃப் கார்ஸிக் என்னும் நிரலாளர், இத்தனையாம் எண்ணுள்ள தொகுதியின் தொகை விசித்திரமாயிருக்கின்றது என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே அத்தொகுதியின் விவரங்களை உள்ளவாறே எடுத்து வைத்தார். கூக்குரல் இல்லை, "உதவுங்கள், அவசரம்" என்ற வேண்டுகோளும் இல்லை. படித்தவர் எவரும் உடனே அத்தொகுதியைத் தாமே திறந்து பார்க்க முடிந்தது. சில மணி நேரத்தில் திருத்திய நிரல் வெளியாயிற்று. பிழைபட்ட சங்கிலி கைவிடப்பட்டது. இச்சிறு வினா அந்நாணயத்தையே காத்தது எனின் மிகையாகாது.

இனி, காது கொடுக்கப்படாத வினாவிற்கும் சான்றுண்டு. பாரிட்டி என்னும் நிறுவனம் பலர் கூட்டாகக் கையொப்பமிடும் பணப்பைகளுக்குப் பொதுவான நூலகநிரல் ஒன்றை 2017 ஜூலையில் ஏற்றியிருந்தது. அந்நூலகநிரலுக்கு உரிமையாளர் இன்னாரென்று முதலிற் பதிவு செய்யும் படி செய்யப்படாமல் இருந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒருவர், ஏற்றும்போதே அப்படியைச் செய்துவிடும் திருத்தம் ஒன்றைக் கூறினார். தாம் அதனை வசதிக்குரிய ஒரு மேம்பாடு என்றே அப்போது பொருள் கொண்டதாக அந்நிறுவனமே பின்னர் வெளியிட்ட அறிக்கையில் எழுதியது. நவம்பர் 6ஆம் நாள் வேறொருவர் அந்நிரலுக்குத் தம்மையே உரிமையாளராகப் பதிவு செய்து, பின் அதனை அழித்தும் விட்டார். அதனைச் சார்ந்திருந்த 587 பணப்பைகளும் முடங்கின. 5,13,000க்கு மேற்பட்ட ஈதர் எவராலும் எடுக்கவியலாததாயிற்று. மீட்டற்கென 2018இல் முன்வைக்கப்பட்ட திட்டமும் ஏற்கப்படவில்லை. இதனைச் செய்யுங்கள் என்ற யோசனைக்கும், இதனைச் செய்யாவிடின் எவரும் உரிமையாளராகலாமோ என்ற வினாவிற்கும் உள்ள வேறுபாட்டை இதனின்றும் நாம் கற்றல் வேண்டும். முன்னது வசதியைக் காட்டும்; பின்னது விளைவைக் காட்டும். கேட்பவர் விளைவைக் கூறின், கேளாதாரும் கேட்பர்.

நன்னூலார் வினாவினை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தமை நாம் அறிந்ததே. நிரலாளரிடம் வரும் வினாக்களுட் பெரும்பாலன அறியாவினாவாகவே இருக்கின்றன. "என் ஒப்பந்தம் இயங்கவில்லை, ஏன்?" என்பது அத்தகையது. அறியாமை குற்றமன்று. ஆயினும் அறியாவினாவிற்கு விடை கூறப்புகுவார், கேட்பவர் எதுவரை அறிவர் என்பதை அறியாராகலின், எங்கே தொடங்குவதென்று தெரியாமல் விட்டுவிடுகின்றனர். அதனையே சற்று முயன்று ஐயவினாவாக்கலாம். "இக்கொடுக்கல் வாங்கல் தடைப்பட்டது, கட்டணம் போதாமையாலோ, ஒப்பந்தத்தின் நிபந்தனை பொருந்தாமையாலோ?" என்று கேட்பின், இரண்டிலொன்றைத் தேர்ந்து கூறுதல் விடையிறுப்பார்க்கு எளிது, இரண்டும் அன்றெனின் அதனைக் கூறுதலும் எளிது. அறியாவினாவை ஐயவினாவாக மாற்றும் முயற்சியே கல்வியிற் பாதி. அம்முயற்சியின் இடையிலேயே விடை தானே தோன்றிவிடுதலும் உண்டு. இனி, ஏவல்வினா வடிவில் வருவனவும் உள. "எனக்கு இதனை எழுதித் தருகிறீர்களா?" என்பது வினாவன்று, வேலை. ஊதியமின்றி விடையிறுக்கும் அன்பரை ஏவலாளராகக் கொள்ளுதல் தகாது.

நல்ல வினாவிற்கு வேண்டுவன யாவை எனின் கூறுவோம். யாது நிகழவேண்டுமென்று எதிர்பார்த்தோம், யாது செய்தோம், யாது நிகழ்ந்தது என்னும் மூன்றும் முதற்கண் வேண்டும். பிழைச்செய்தியை நம் சொல்லால் சுருக்காது, தோன்றியவாறே எழுத்துருவில் எடுத்தெழுதுதல் வேண்டும். திரையைப் படம்பிடித்து அனுப்பின் விடை கூறுவார் அதனைப் படியெடுத்துச் சோதிக்கவியலாது. எந்தச் சங்கிலியில், மெய்ச் சங்கிலியிலோ செபோலியா போன்ற சோதனைச் சங்கிலியிலோ நிகழ்ந்தது என்று குறித்தல் வேண்டும். கொடுக்கல் வாங்கலின் அடையாளமாகிய ஹாஷ் எண்ணையும் ஒப்பந்தத்தின் முகவரியையும் தருதல் வேண்டும். பிளாக்செயின் திறந்த கணக்கேடு ஆகலின், அவ்வொரு எண்ணைக் கொண்டே உலகின் மறுகோடியில் இருப்பவரும் நம் பிழையை நேரிற் காண்பர். வேறு எத்துறையிலும் இல்லாத இவ்வசதியைப் பயன்படுத்தாமற் கேட்பது, நோயாளி மருத்துவரிடம் சென்று நாடியைக் காட்டாதிருத்தல் போலும். இறுதியாக, ஆயிரம் வரி நிரலில் இருபது வரியிலே பிழை நிகழ்ந்ததாயின், அவ்விருபது வரியை மட்டும் தனியே இயங்குமாறு பிரித்துத் தருதல் வேண்டும்.

மொழிப்பதிப்பின் எண்ணைக் குறியாமை எளிய பிழையாகத் தோன்றும், அஃது எளியதன்று. எதீரிய ஒப்பந்தங்கள் சாலிடிட்டி என்னும் நிரல்மொழியிற் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. 255க்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ளாத ஓரிடத்தில் 255 இருக்க, அதனோடு ஒன்று கூட்டின் யாது விளையும்? 2020 டிசம்பரில் வெளியான 0.8.0 பதிப்பிற்கு முன்னைய பதிப்புகளில் விடை சுழியம். எவ்வகை எச்சரிக்கையும் இன்றி எண் சுற்றித் திரும்பிவிடும். அப்பதிப்பு முதலாக, வேறு வகையாகக் கட்டளையிட்டாலன்றி, அக்கணக்கே தடைப்பட்டு நிற்கும். ஒரே வரி, ஒரே வினா, இருவேறு விடைகள். பதிப்பெண் கூறாதவர்க்கு எதனைக் கூறுவது? பழைய விடைகளைத் தேடிப் படிப்பார்க்கும் இது பொருந்தும். எதீரியம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் சுரங்கம் அகழ்தல் எனப்பட்ட முறையைக் கைவிட்டு, பங்குப்பிணை முறைக்கு மாறிற்று. அதற்கு முன் எழுதப்பட்ட சரியான விடை, இன்று தவறான விடையாக இருக்கலாம். ஆண்டு பாராமல் விடையை எடுத்தாளுதல், உரையாசிரியர் காலம் அறியாமல் உரையை மேற்கோள் காட்டுதற்கு ஒப்பாகும்.

இவையெல்லாவற்றினும் முதன்மையானது, உண்மையான நோக்கத்தை மறையாது கூறுதல். மாணவர் ஒருவர், "ஒப்பந்தத்தினுள் ஒரு மறைச்சொல்லை வைத்திருக்கிறேன், அதனைப் 'பிரைவேட்' என்று குறித்தேன், அதனை மாற்றும் வழி யாது?" என்று கேட்கின்றார் என்று கொள்வோம். கேட்ட அளவிற்கு விடை எளிது. ஆயின் 'பிரைவேட்' என்னும் குறிப்பு, பிற ஒப்பந்தங்கள் அம்மாறியை நேரே அணுகுதலையே தடுக்கும். சங்கிலியின் சேமிப்பைப் படிக்கத் தெரிந்த எவரும் அம்மறைச்சொல்லைக் காணலாம். பூட்டு எவ்வாறு மாற்றுவதென்று கேட்டவர்க்கு, சுவரே இல்லை என்பது தெரியவில்லை. "குறிப்பிட்ட ஒருவர் மட்டுமே இப்பணத்தை எடுக்குமாறு செய்யவேண்டும்" என்று நோக்கத்தை முதலிற் கூறியிருப்பின், மறைச்சொல் வேண்டா, கையொப்பத்தையோ முகவரியையோ சோதித்தாற் போதும் என்ற விடை முதலிலேயே வந்திருக்கும். மருந்தைக் கேட்பவர் நோயையும் கூறல் வேண்டும்.

இதுகாறும் வினாவுவார் கடமையே கூறினோம். விடையிறுப்பார்க்குக் கடமை இல்லையோ எனின், அஃது இன்னும் பெரிது என்போம். "கையேட்டைப் படித்துவிட்டு வா" என்று ஒரு சொல்லிற் புறந்தள்ளுதலும், கேட்டவரை எள்ளி நகையாடுதலும் நிரலாளர் குழுக்களிற் காணப்படுங் குறைகள். நிரலாளர் வினாவிடைக்குப் பெயர்பெற்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனத்தாரே, தம்மிடம் புதியோர்க்கு நல்வரவு போதாதென்று 2018 ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். நன்னூலார் விடையினை எட்டாக வகுக்குமிடத்து, எதிர்வினாதலையும் ஒரு விடையாகவே எண்ணினார். "எந்தப் பதிப்பு? எந்தச் சங்கிலி? உமது நோக்கம் யாது?" என்று அன்பொடு திருப்பிக் கேட்பின், வழுவுடைய வினாவும் நல்ல வினாவாகத் திருந்தும். இகழ்ந்து அனுப்பப்பட்ட புதியவர் மீண்டும் பொதுவிடத்திற் கேட்க அஞ்சுவர். அஞ்சியவர் தனிவழியில் உதவுவோம் என்று வருவாரிடம் செல்வர்.

அவ்விடத்தே பெருந்தீங்கு காத்திருக்கின்றது. உதவியாளர் என்று தம்மைக் கூறிக்கொண்டு தனிச்செய்தி அனுப்புவோர், பணப்பையை மீட்கும் 12 அல்லது 24 சொற்களைக் கேட்கின்றனர். அச்சொற்களைப் பெற்றவர் எவரோ அவரே பணத்திற்கு உரியவர், முறையிடுதற்கு இடமில்லை. இப்பொய்ம்மையில் அகப்பட்டு, ஓராண்டு பகுதிநேர வேலை செய்து சேர்த்த பொருளை ஒரே இரவில் இழந்த மாணவர் ஒருவரை யாம் அறிவோம். அவர் அதற்கு முன் பொதுவிடத்திற் கேட்ட வினாவிற்குக் கிடைத்தது ஒரு நகைப்பு. திருடினவன் குற்றமே குற்றம் எனினும், நகைத்தவருக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டென்றே யாம் கருதுகின்றோம். எவ்வினாவிற்கும் எக்காலத்தும் அச்சொற்களைத் தரவேண்டுவதில்லை என்பதை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

எல்லாவற்றையும் பொதுவிடத்தே கேட்டல் தகுமோ எனின், ஒன்று விலக்கு. பிறர் பணம் இருக்கும் ஒப்பந்தத்திற் பெருங்குறை கண்டவர், அதனைப் பலரறியக் கேட்பின், கள்வர்க்கு வழிகாட்டியவராவர். அதனை உரியவர்க்குத் தனியே அறிவித்தல் முறை. எதீரியம் அறக்கட்டளை அவ்வாறு அறிவிப்பார்க்குப் பரிசளிக்கும் ஏற்பாட்டையே வைத்திருக்கின்றது. எதனை எவரிடம் எவ்விடத்திற் கேட்பது என்பதும் வினவும் முறையின் பாற்படும்.

இனி, இயந்திரத்தைக் கேட்டாற் போதாதோ என்பாருக்கு விடை கூறுவோம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியாயிற்று; சில நாட்களுக்குள், அதன் விடைகளைத் தம்மிடம் பதித்தலாகாதென்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது. பார்வைக்குச் சரியெனத் தோன்றித் தவறாக முடியும் விடைகள் பெருகியதே காரணம். அவ்வியந்திரங்கள் அதன்பின் பெரிதும் தேர்ச்சி பெற்றுள்ளன. அவற்றாற் பயனில்லை என்று கூறோம். ஆயின் இயந்திரமும் கேட்டதற்கே விடை கூறும். சுவரில்லாத வீட்டிற்குப் பூட்டு மாற்றும் வழி கேட்டவர்க்கு, அது அழகிய பூட்டு மாற்றும் முறையையே கூறிவிடலாகும். எனவே இயந்திரம் வந்தமையால் வினவும் கலை தேவையற்றதாகவில்லை, முன்னினும் தேவையாயிற்று. மேலும், பொதுவிடத்திற் கேட்ட வினாவின் விடை நமக்குப் பின் வருவார்க்கும் நின்று உதவும்; தனியே இயந்திரத்திடம் கேட்டது நம்மோடு மறையும்.

தானே தேடிக் கற்க வேண்டும் என்பார் கூற்றிலும் ஒரு பகுதி உண்மை. தேடாமற் கேட்டல் சோம்பல். தேடியதைக் கூறிக் கேட்டல் உழைப்பு. ஆயினும் ஒருபொழுதும் கேளாதிருத்தலே பெருமை என்பது செருக்கு. மேற்காட்டிய நிகழ்ச்சிகளில் கேளாமையாலும் கேட்டதை ஆராயாமையாலும் அழிந்த பொருளை எண்ணிப் பார்ப்பார் அச்செருக்கை விடுவர்.

நம் மாணவரின் தயக்கத்திற்கு ஆங்கிலமே காரணம் என்பதும் முழுதும் உண்மையன்று. ஹாஷ் எண்ணும், பதிப்பெண்ணும், பிழைச்செய்தியும், இருபது வரி நிரலும் உள்ள வினாவிற்கு இலக்கண வழுவுள்ள ஆங்கிலம் ஒரு தடையன்று. அவையில்லாத வினாவைச் செம்மையான ஆங்கிலம் காப்பாற்றவும் மாட்டாது. ஆயினும் முதலில் தாய்மொழியில் ஐயத்தைத் தெளிவாக எழுதிப் பார்த்தவர்க்கே அது பிறமொழியிலும் தெளிவாக வரும் என்பது எம் துணிபு.

ஆகவே ஒரு விண்ணப்பம். நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்படுமாக. இடப்பக்கத்தில் மாணவர் தம் ஐயத்தைத் தமிழில் எழுதுக: எதிர்பார்த்தது, செய்தது, நிகழ்ந்தது, பதிப்பு, சங்கிலி. அதன்பின் உலகின் எக்குழுவினரிடமும் சென்று கேட்கலாம். விடை கிடைத்த அன்றே, கிடைத்தது இன்னது, கிடைத்த நாள் இன்னது, அது பயன்பட்டதா இல்லையா என வலப்பக்கத்தில் எழுதிவைத்தல் அவர் கடமையாகுக. விடை பெற்றவுடன் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் கூறி, எவ்வாறு சரியாயிற்று என்பதைக் கூறாமற் செல்வது, ஆற்றைக் கடந்தபின் ஓடத்தைக் கரையிலே கட்டாமல் விட்டுச் செல்வதாகும். எழுதுதற்கு மொழியுதவி வேண்டுவார் தமிழ் வகுப்பிற்கு வருக. வினாவைத் திருத்தித் தருதலை யாம் எம் பங்காக ஏற்கின்றோம்.